வீட்டோடு கிளீனர்

“செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்” என்று வீட்டு ஆண்பிள்ளை சாப்பாட்டு வேளையில் அறிவித்தால், வீட்டு அம்மாள் கையைக் கழுவிவிட்டு முதல் வேலையாக வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். நான் அறிவித்தபோது என் மனைவி மாற்றவில்லை. புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். பழைய கடவுச்சொல்லே எனக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நான் கண்டுபிடித்த வழி இதுதான்: வாசலில் நிற்கும் பழைய செவர்லே பிக்கப்பிலிருந்து பெட்ரோல் இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இறக்கிவிட்டு, டீசல் இன்ஜினையும் கையால் போடுகிற ஐந்து கியரையும் ஏற்றுவது.

ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கும் தமிழனுக்குப் பிக்கப் எதற்கு என்று கேட்கக்கூடாது. டெக்சஸில் பிக்கப் வைத்திருப்பவனை யாரும் காரணம் கேட்பதில்லை. வைத்துக்கொள்ளாதவனைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் முதலில் பெரிய தொப்பி ஒன்று வாங்கிப் பார்த்தேன். அது காதில் வந்து நின்றது. அதற்கு அடுத்தபடிதான் 1985-ஆம் வருஷத்து செவர்லே சி20. 1973 முதல் 1987 வரை வந்த அந்த வரிசை வண்டிகளுக்கு முகம், தோள், முதுகு எல்லாமே சதுரம். 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், மூன்றே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். வருஷத்தில் ஒரு நாள் தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குக் கரும்புக் கட்டு ஏற்றும். இன்னொரு நாள் பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வாழைமரம் ஏற்றும். மற்ற நாளெல்லாம் என் கௌரவத்தை ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்கும்.

அது கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தது. டீசல் போட்டால் பதினெட்டு கொடுக்கும். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தேன். என் மனைவி வருமான வரிக் கணக்கு பார்ப்பவள். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே, பேப்பர் பேனா இல்லாமல், கணக்கை முடித்துவிட்டாள்.

“வருஷத்துக்கு நாலாயிரம் மைல் ஓட்டறீங்களா? அதுவே ஜாஸ்தி. பெட்ரோல் நானூறு கேலன், மூணு டாலர்னா ஆயிரத்து இருநூறு. டீசல் இருநூத்தி இருபத்திரண்டு கேலன், ஆனா இந்த ஊர்ல டீசல் விலை கூட. மூணு அறுபதுன்னு வெச்சுக்குங்க, எண்ணூறு. வருஷத்துக்கு நானூறு மிச்சம். வேலைக்கு எவ்வளவு ஆகும்?”

“எட்டாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்.”

“சேரிங்க. இருபது வருஷம் கழிச்சு லாபம் ஆரம்பிக்கும். அப்ப வண்டிக்கு அறுபது வயசு. உங்களுக்கு எத்தனைன்னு நான் சொல்லலைங்க.”

இதற்குப் பதிலாக நான் டீசலின் வரலாற்றைச் சொன்னேன். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அதை ஓட்டியவர்களுக்கு எண்ணெய் மாற்றியதற்காக இன்ஜினில் ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை என்றேன். “பட்டேல் கடையில செக்குக் கடலெண்ணெய் என்ன விலைன்னு தெரியுமாங்க?” என்று கேட்டாள். வரலாறு அத்தோடு நின்றது.

குதிரைத் திறனையாவது காட்டி மடக்கலாம் என்று பார்த்தேன். வாங்க இருந்தது 1992 டாட்ஜ் ராம் ஒன்றின் இன்ஜின். பின்பக்கம் இடிபட்டு, காப்பீட்டுக் கம்பெனி தலைமுழுகிய வண்டி. அதில் இருந்தது கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. கூடவே கெட்ராக் ஐந்து கியர் பெட்டி. அதன் சக்தி 160 குதிரை. என் செவர்லேயின் பழைய இன்ஜின் சக்தியும் ஏறத்தாழ 160 குதிரைதான். எட்டாயிரம் டாலருக்கு ஒரு குதிரைகூடக் கூடாது. முறுக்கு விசையில்தான் மகிமை: பெட்ரோல் இன்ஜின் முந்நூறைத் தொடாமல் மூச்சு வாங்கும் இடத்தில், கம்மின்ஸ் சும்மா ஆயிரத்து எழுநூறு சுற்றில் 400 அடி-பவுண்டு கொடுக்கும். பத்து டன் இழுக்கலாம் என்று அளந்துவிட்டேன். எங்களிடம் பத்து டன்னில் ஒன்றும் இல்லை என்று மனைவி நினைவுபடுத்தினாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மைலேஜ், முறுக்கு விசை எல்லாம் சபைக்குச் சொல்வது. சேலம் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த வயதில், லாரி டிரைவர்கள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையால் அந்த நீளக் கம்பியை அலட்சியமாகத் தட்டி அடுத்த கியருக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அலட்சியம்தான் எனக்கு வேண்டியிருந்தது. என்ஜினியரிங் படித்து, விசா வாங்கி, வீடு வாங்கி, சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் என்று அட்டை அடித்த பிறகும் அது மட்டும் வந்தபாடில்லை.

இந்த நேரம் பார்த்து மாமனார் வந்து இறங்கினார்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறையிலேயே தலை நரைத்தவர். ஆறு மாத விசிட்டர் விசா. வந்த முதல் வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு லாரிகூடப் போகாத தெருவைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார். பிக்கப்பைக் காட்டினேன். சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.

“லிட்டருக்கு எத்தனைங்க மாப்ள?”

மனதுக்குள் மாற்றிப் பார்த்து, “நாலேகால் கிலோமீட்டருங்க மாமா” என்றேன்.

“லோடோட எத்தனை டன்னுங்க?”

“சும்மாதானுங்க மாமா. நான் மட்டும்.”

பதில் சொல்லவில்லை. நாமக்கல் லாரி பதினாறு டன் முட்டை, சிமெண்டு என்று ஏற்றிக்கொண்டு கொடுக்கும் மைலேஜ் அது. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். எடை போடுகிறார் என்று புரிந்தது.

டாட்ஜ் இன்ஜின் ஒரு டிரெய்லரில் வந்து இறங்கியதும்தான் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தவர், ஊரிலிருந்து பேரன் வந்தது போல, “அட! இது நம்ம டாட்டா வண்டி இன்ஜினுங்களே!” என்றார். நான் சிரித்தேன். ஆனால் நியாயம் அவர் பக்கம். கேஸ் என்ற டிராக்டர் கம்பெனியும் கம்மின்ஸும் கூட்டுச் சேர்ந்து, வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் அருகே ஆலை போட்டு, எண்பதுகளில் விட்ட இன்ஜின் இது. அமெரிக்காவில் அது 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் ஏறியது. நம் ஊரில் டாட்டாவும் கம்மின்ஸும் 1993-இல் சேர்ந்து, ஜாம்ஷெட்பூரில் இதே 5.9 லிட்டரைச் செய்து லாரிகளில் ஏற்றினார்கள். டெக்சஸில் ஆண்மையின் அடையாளமாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரியும் இந்த இன்ஜின், மாமனாருக்குத் தினசரி பிரித்துப் பூட்டிய சாமான்.

என் மனைவி உடனே சட்டத்தை எடுத்துவிட்டாள். “அப்பா, நீங்க விசிட்டர் விசாவுல வந்திருக்கீங்க. இங்க வேலை செய்யக்கூடாது. ஸ்பேனரைத் தொட்டீங்கன்னா நானே பிடிச்சுக் கொடுத்துருவேன்.” சொந்த வீட்டு காரேஜில் மாப்பிள்ளைக்கு ஒத்தாசை செய்தால் எந்தச் சட்டம் தடுக்கிறது என்று நான் வாதாடினேன். எடுபடவில்லை. காரேஜ் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. மாமனார் அதில் அமர்ந்தார். கைகள் மடியில் இருக்கும். வாய் மட்டும் வேலை செய்யும். அன்று முதல் நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. லாரிப் பட்டறை மொழியில் கிளீனர்.

இன்ஜின் மாற்றுவதை இன்ஜின் மாற்றும் வேலை என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். அது சம்பந்தம் பண்ணுவது. பெண் கொடுக்க ஒருவன்தான் வருகிறான் என்று பந்தி போட்டால், பின்னாலேயே சித்தப்பா, அத்தை, அத்தையின் நாத்தனார் என்று வேன் வேனாக இறங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மரியாதை செய்தாக வேண்டும். பழைய இன்ஜின் 260 கிலோ என்றால் கம்மின்ஸ் 500 கிலோ. அந்தக் கனத்துக்கு முன்பக்கச் சுருள்வில் தாங்காது. அதே வரிசையின் ஒரு டன் வண்டிக்குரிய வில் வேண்டும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நீளமாக நிற்பதால் ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வேறு இடம் கேட்கும். எண்ணெய்ச் சட்டி கீழே குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். கியர்பாக்ஸ் நீளம் வேறு என்பதால் பிரப்பல்லர் ஷாஃப்டை லேத்துக்குக் கொண்டுபோய் வெட்டி, பேலன்ஸ் பார்த்து ஒட்ட வேண்டும். டீசல் பம்ப் தனக்கு மிஞ்சியதைத் திருப்பி அனுப்பும் பண்புடையது. அதற்காக டேங்க் வரை இன்னொரு குழாய்.

இதில் பிரேக் வந்து சேரும் என்று நான் நினைக்கவே இல்லை. பெட்ரோல் இன்ஜின் காற்றை இறுக்கிப் பிடித்து இழுப்பதால் உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகும். பிரேக் பெடலை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பதற்குத் துணை அந்த வெற்றிடம்தான். டீசலுக்கு மூச்சுக்குத் தடையில்லை. ஆகவே வெற்றிடமும் இல்லை. கம்மின்ஸ் பக்கவாட்டில் இதற்கென்றே ஒரு வேக்கம் பம்ப் ஒட்டிக்கொண்டு வருகிறது. “அதக் கழட்டி வெச்சிருக்கீங்களே, எதுக்குங்க மாப்ள?” என்று மாமனார் நாற்காலியிலிருந்து கேட்டார். என்னவென்று தெரியாததால் ஓரமாக வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “துடைக்கறதுக்குங்க மாமா” என்று சொல்லி அரை மணி நேரம் துடைத்தேன்.

ஸ்பேனர் கூத்து தனி. செவர்லேக்கு இஞ்ச், கம்மின்ஸுக்கு மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், பதின்மூன்று போட்டால் நட்டு அசைந்துகொடுத்துவிட்டு, முனை மழுங்கி, பிறகு எதற்கும் அசையாது. இரண்டு பெட்டியையும் தனித்தனியே அடுக்கி வைத்திருந்தேன். இரண்டாம் நாளே இரண்டும் கலந்துவிட்டன. “அது இல்லீங்க, அக்கட்டால இருக்குதே, அது. அதுவும் இல்லீங்க. விடுங்க, பாப்பாளக் கூப்பிடுங்க.” பாப்பாள் என்பது என் மனைவி. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பார்க்காமலே பதினாலு நம்பரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் பட்டறையில் கழித்தவள் என்பது கல்யாணத்துக்கு முன் யாரும் எனக்குச் சொல்லாத தகவல்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டெக்சஸ்காரர் ஒருவர். தன் வேலியோடு நிற்கிற மனிதர். இன்ஜின் சங்கிலியில் தொங்குவதைப் பார்த்ததும் வேலி தாண்டி வந்துவிட்டார். டீசல் என்றதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தத் தலைமுறைக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். 1978-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பெட்ரோல் இன்ஜின் உருவத்தை ஒட்டி ஒரு 5.7 லிட்டர் டீசலை விட்டது. டீசலின் அழுத்தம் பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் தலையை இறுக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையை அவர்கள் கூட்டவில்லை. டீசலில் கலக்கும் தண்ணீரைப் பிரிக்கவும் வழி வைக்கவில்லை. ஹெட் கேஸ்கட்டுகள் வரிசையாகப் போயின. வழக்கு வரை போயிற்று. அமெரிக்கர்களுக்கு டீசல் கார் ஆசையே விட்டுப்போயிற்று. அவருக்கு இது வேறு இன்ஜின் என்று விளக்க நான் தொடங்குவதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். “ஹெட் கேஸ்கட்?” என்றார். பெரியவர் கண் கலங்க, “ஹெட் கேஸ்கட்” என்றார். மாமனார் இன்ஜினைத் தட்டிக் காட்டி, ஒரு விரலை ஆட்டினார். “நோ ஹெட் கேஸ்கட்.” அதோடு இருவரும் நண்பர்கள். மறுநாள் இரண்டாவது பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. என்னை வேலை வாங்க இப்போது இரண்டு மொழி.

இந்த இன்ஜினுக்கும் ஒரு குறை உண்டு; சொல்லாமல் விட்டால் கம்மின்ஸ் பக்தர்கள் சிரிப்பார்கள். முன்பக்கம் டைமிங் கியர்கள் இருக்கும் கூட்டைச் சரியாகப் பொருத்த, சின்னதாக ஓர் எஃகு முளை செருகியிருக்கிறார்கள். பல வருஷ அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே வந்து, ஒரு நாள் கியர்களுக்கு நடுவே விழுந்தால் கதை முடிந்தது. அமெரிக்கர்கள் அதைக் கொலைகார முளை என்கிறார்கள். அது வெளியே வராதபடி பக்கத்து போல்ட்டோடு ஒரு தகட்டுத் துண்டை முறுக்கி வைத்தால் போதும். ஒரு துண்டுத் தகட்டுக்காக முன்பக்கத்தையே பிரித்தேன். இரண்டு நாற்காலிகளும் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. முளை இருந்த இடத்திலேயே சமர்த்தாக இருந்தது. ஆனாலும் தகட்டை வைத்தேன். எட்டாயிரம் டாலர் கணக்கில் ஒரு செலவாவது பிரயோஜனமானது என்று காட்ட வேண்டியிருந்தது.

கிளட்ச் பெடல் சமாசாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இடுப்பு இன்னும் நினைவு வைத்திருப்பதால். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் கிடையாது. பிரேக் பெடல் மட்டும் தாம்பாளம் போல் அகலமாக இருக்கும். அதைக் கழற்றி, அதே வரிசையின் கியர் வண்டி ஒன்றிலிருந்து கொண்டுவந்த இரட்டைப் பெடலைப் பூட்டி, தகட்டில் துளை போட்டு ஹைட்ராலிக் சிலிண்டரை வைக்க வேண்டும். இதெல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில், தலை கீழே, கால் சீட்டின் மேலே இருக்கும் நிலையில் நடக்கும். அந்தக் கோலத்தில் இருந்தபோதுதான் அலுவலகத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மனைவி எடுத்துவிட்டாள். என் மேலதிகாரி அன்று பார்த்தது என் உள்ளங்கால்களை.

ஸ்டார்ட் செய்யும் நாள். டீசல் குழாய்களில் காற்று புகுந்திருக்கும்; அதை எடுக்காமல் எத்தனை செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் செத்துப்போகும். ஏர் எடுப்பதில் மாமனார் சக்கரவர்த்தி. “நாசில் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணுங்க. பாப்பா, நீ செல்ஃப் அடி. மாப்ள, நுரை வருதுங்களா? நுரை நின்னு டீசல் வந்ததும் டைட் பண்ணுங்க.” முதல் குழாயில் நுரை வந்தது. இரண்டாவதில் டீசல் வந்தது, என் கண்ணாடி மேல். மூன்றாவதை இறுக்குவதற்குள் இன்ஜின் எழுந்துவிட்டது. அந்தத் தடதடவென்ற சத்தம் காரேஜ் கதவில் மோதி, தெரு முழுக்கப் போயிற்று. ஒரு குழந்தை அழுதது. மாமனார் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடினார். வந்த நாளிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கம் வராமல் இருந்தது. பத்து நிமிஷத்தில் குறட்டை விட்டார்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. “தங்கள் வீட்டில் வணிகக் கனரக வாகனம் நிறுத்தப்பட்டுள்ளதாகத் தெரிகிறது” என்று எழுதியிருந்தார்கள். என் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு. சட்டகம் போட்டு மாட்டலாம் என்றேன். மனைவி அதை வரிக் கோப்பில் சேர்த்துவிட்டாள். புகைப் பரிசோதனைக்கு மட்டும் தொல்லையில்லை. டெக்சஸில் அந்தப் பரிசோதனை இருபத்து நான்கு வயதுக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்குத்தான். என் வண்டிக்கு வயதும் தாண்டிவிட்டது, பெட்ரோலும் இல்லை.

முதன்முதலாக டீசல் போடப் பங்க்குக்கு மூவருமாகப் போனோம். பம்பைக் கையில் எடுத்தேன். உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன். ஈயமில்லாப் பெட்ரோல் வந்த காலத்தில், தவறான எண்ணெய் போய்விடக்கூடாது என்று டேங்க் வாயை வேண்டுமென்றே குறுக்கி வைத்தார்கள். டீசல் பம்பின் மூக்கு அதைவிடப் பருமன். இன்ஜின் மாற்றி, கியர் மாற்றி, வில் மாற்றி, பிரேக் வரை பார்த்த வண்டிக்குச் சோறு ஊட்ட வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். மனைவி இறங்கி, தலைமுடி எண்ணெய் ஊற்றுவதற்கு என்று எப்போதும் வண்டியில் போட்டு வைத்திருக்கும் புனலை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியில் அந்த அலட்சியத்தைக் காட்டினேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். முதல் சிக்னலில் வண்டி குதித்து நின்றது. இரண்டாவது சிக்னலிலும் நின்றது. இருபது வருஷமாக ஆட்டோமேட்டிக்கில் சும்மா இருந்த இடது காலுக்கு, திடீரென்று வேலை என்றதும் கோபம். மூன்றாவது சிக்னலில் மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “பாப்பா, நீ ஓட்டு சாமி. எனக்கு வயசாச்சு” என்றார். அவள் இறங்கிச் சுற்றி வந்து ஏறினாள். பட்டறையில் டிரையல் பார்க்கப் பதினாறு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து லாரி ஓட்டியவள். ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கையால் தட்டினாள். இரண்டாவது கியர், மூன்றாவது, நான்காவது. எனக்கு வேண்டியிருந்த அதே அலட்சியம். நான் நடு சீட்டில், கியர் கம்பிக்கு வழிவிட்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமனார் ஊருக்குக் கிளம்பும் நாளில், பக்கத்து வீட்டுப் பெரியவர் விமான நிலையத்துக்கே வந்துவிட்டார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். பெரியவர் தன் போனில் ஒரு படம் காட்டினார்: அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1979 ஃபோர்டு பிக்கப், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். மாமனார் படத்தைப் பெரிதாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் எவ்வளவு இடமிருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தினார். “மாப்ள செஞ்சு குடுத்துருவாருங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. சனிக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, எனக்கு ஒரு வாளியும் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தார். நாற்காலியில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.